குழியைப் புரட்டியவர் யார்? இந்திய மட்கு உர வரலாற்றில் விடுபட்ட எழுவாய்

வேளாண்மைப் பட்டப்படிப்பிலும் சுற்றுச்சூழல் பொறியியலிலும் ஏதேனும் ஒரு பருவத் தேர்வில் தவறாமல் வந்துவிடும் வினா ஒன்று உண்டு: இந்தூர் முறையையும் பெங்களூர் முறையையும் ஒப்பிடுக. விடையும் ஏறத்தாழ மனப்பாடம்தான். முதலாவது காற்றுள்ள சிதைவு, இரண்டாவது பெரும்பகுதி காற்றற்ற சிதைவு. முதலாவதில் குவியலைப் புரட்ட வேண்டும், இரண்டாவதில் வேண்டியதில்லை. ஒன்று மூன்று, நான்கு மாதங்களில் முடியும். மற்றொன்றுக்கு ஆறு முதல் எட்டு மாதங்கள் ஆகும். இரண்டு பத்திகள், ஐந்தாறு வரிசைகள், முழு மதிப்பெண்.

அந்த அட்டவணையில் ஒரு வரிசை மட்டும் எப்போதும் இருப்பதில்லை. புரட்டுபவர் யார்?

பாடநூல்களின் மொழியே அந்த வினா எழாதபடி பார்த்துக்கொள்கிறது. கழிவு 'பரப்பப்படுகிறது', மேலே சாணக்கரைசல் 'தெளிக்கப்படுகிறது', குழி 'மூடப்படுகிறது', பதினைந்தாம் நாள் 'புரட்டப்படுகிறது'. பேச்சுத் தமிழில் 'படு' துணைவினையால் அமையும் செயப்பாட்டுவினை அரிது. வயலில் நிற்பவர் யாரும் 'எரு இடப்பட்டது' என்று சொல்வதில்லை. 'எரு போட்டாச்சு' என்பார்கள், போட்டவர் யாரென்பது கேட்பவருக்கும் தெரியும். ஆங்கிலத் தொழில்நுட்ப உரைநடையிலிருந்து நம் பாடநூல்களுக்கு வந்த இந்த வினைவடிவம் செய்பவரை வாக்கியத்திலிருந்து இலக்கண வழுவின்றி நீக்கிவிடுகிறது. இந்தியாவில் மட்கு உரத்தின் நூற்றாண்டு வரலாற்றை அந்த விடுபட்ட எழுவாயைத் தேடியபடி வாசித்தால், நாம் அறிந்ததினின்று சற்று வேறான கதை கிடைக்கிறது.

ஆல்பர்ட் ஹோவர்டு 1905இல் பேரரசுப் பொருளாதாரத் தாவரவியலாளராகப் பிகாரின் பூசா நிலையத்துக்கு வந்தார். அவருடைய துணைவியார் காப்ரியேல் ஹோவர்டு தம்மளவிலேயே தேர்ந்த தாவர உடலியலாளர். அரசுப் பணியிலும் இருந்தவர். இருவரும் சேர்ந்து செய்த ஆய்வுகள் பிற்காலத்தில் ஒருவர் பெயரிலேயே பேசப்படலாயின என்பதையும் இங்கே போகிற போக்கில் குறித்துக்கொள்ளலாம். 1924இல் இந்தூரில் பயிர்த்தொழில் ஆய்வு நிறுவனம் அமைந்தது. இந்திய மத்தியப் பருத்திக் குழுவும் மத்திய இந்தியாவின் சுதேச சமஸ்தானங்களும் நிதியளித்தன. இந்தூர் தர்பார் 300 ஏக்கர் நிலம் குத்தகைக்குக் கொடுத்தது. அங்கே உருவான முறையைத்தான் ஹோவர்டும், உடன் பணியாற்றிய வேதியியலாளர் யஷ்வந்த் வாடும் 1931இல் நூலாக வெளியிட்டனர்.

ஹோவர்டின் முன்னிருந்த சிக்கல் எளிமையானது, ஆனால் பழையது. கரிசல் நிலத்தில் பருத்திமாரும் துவரைமாரும் மலைபோலக் குவிகின்றன. அவை எளிதில் மட்குவதில்லை. சாணமோ பாதிக்கு மேல் அடுப்புக்குப் போய்விடுகிறது. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் நிலையத்தில் ஹட்சின்சனும் ரிச்சர்ட்சும் 1921இல் வைக்கோலுடன் தழைச்சத்து உப்புகளைச் சேர்த்துச் செயற்கைத் தொழுவுரம் செய்யும் வழியைக் கண்டிருந்தனர். அது காப்புரிமை பெற்ற வணிகப் பண்டமாகவும் ஆகியிருந்தது. இந்திய உழவரால் அதை வாங்க இயலாது. ஹோவர்டு வேறொரு பக்கம் திரும்பினார். சீன, ஜப்பானிய, கொரிய உழவர்கள் நாற்பது நூற்றாண்டுகளாக மண்வளத்தைக் காத்து வந்த விதத்தை எஃப். எச். கிங் என்ற அமெரிக்க மண்ணியலாளர் எழுதியிருந்தார்; 1911இல் வெளிவந்த அந்த நூல் ஹோவர்டிடம் ஆழ்ந்த தடம் பதித்தது.

இந்தூரில் அமைந்த குழி 30 அடி நீளம், 14 அடி அகலம், 2 அடி ஆழம் கொண்டது. கடினமான தண்டுகளை நேரே குழியில் போடுவதில்லை. பண்ணைப் பாதையில் பரப்பி, வண்டிச் சக்கரமும் மாட்டுக் குளம்பும் நசுக்க விடுவார்கள். பிறகு மாட்டுக்கொட்டிலில் படுக்கையாக இட்டு எடுத்துக் குழியில் அடுக்குவார்கள். சாணம், கோமியம் ஊறிய கொட்டில் மண், அடுப்புச் சாம்பல், நீர் ஆகியவை அடுக்குகளுக்கிடையே சேரும். தொடக்கக் கலவையில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 33க்கு 1 ஆக இருந்தால் குவியல் சூடேறும். காற்று குறையும்போது சூடு தணியும். புரட்டினால் மீண்டும் ஏறும். மூன்று மாதங்களில் மூன்று புரட்டல்கள். தொண்ணூறாவது நாளில் கையில் எடுத்தால் உதிரும் கரிய மட்கு.

இதில் புதுமை எது? சாணமும் சருகும் சேர்ந்தால் எருவாகும் என்பது இந்திய உழவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய செய்தியன்று. புதுமை அளவையில் இருந்தது. எந்தப் பொருள் எத்தனை பங்கு, எந்த நாளில் காற்று, எப்போது நீர் என்று வரையறுத்ததால், ஓர் ஊரின் கைப்பழக்கமாக இருந்த செயல் எங்கும் திரும்பச் செய்யக்கூடிய முறையாயிற்று. இந்தூர் தர்பார் தம் பணியை எளிதாக்கியதற்கு நன்றியாகவே அந்த ஊர்ப் பெயரைச் சூட்டியதாக ஹோவர்டு எழுதினார். அம்முறை கென்யாவின் காப்பித் தோட்டங்களுக்கும் அசாமின் தேயிலைத் தோட்டங்களுக்கும் பரவியபோது ஊர்ப்பெயரும் உடன் சென்றது. வாடின் பெயர் அத்தனை தொலைவு செல்லவில்லை. இயற்கை வேளாண்மையின் தந்தை என்று இன்று மேலை நாட்டு நூல்கள் கொண்டாடுவது ஹோவர்டு ஒருவரைத்தான். நூலின் முகப்பில் இரண்டு பெயர்கள் உள்ளன என்பதை நூலக அட்டவணையில்தான் காண முடிகிறது.

ஆயினும் இந்தூர் குழி பண்ணைக் குழி. அதைப் புரட்டியவர்கள் பண்ணைக் கூலிகள். அவர்கள் புரட்டியது சாணமும் தழையும். இந்த முறை நகரத்துக்குள் நுழைந்த கணத்தில் வினாவின் தன்மையே மாறியது.

நுழைந்தது 1930களின் முற்பகுதியில். நகரக் குப்பையுடன் மனித மலத்தையும் சேர்த்து இந்தூர் முறையில் மட்கச் செய்வதைப் பற்றி ஜாக்சனும் வாடும் 1934இல் எழுதினர். அக்கால நகராட்சிகளுக்கு அது வரப்பிரசாதமாகத் தோன்றியதில் வியப்பில்லை. பெரும்பாலான நகரங்களில் பாதாளச் சாக்கடை இல்லை. எடுப்புக் கக்கூசுகளிலிருந்து நாள்தோறும் வாளிகளிலும் கூடைகளிலும் எடுத்துவரப்பட்ட மலத்தை ஊருக்கு வெளியே பள்ளங்களில் கொட்டுவதே வழக்கம். ஈயும் நாற்றமும் காலராவும் சுகாதார அதிகாரிகளின் நித்தியக் கவலை. இந்நிலையில், அந்த மலத்தில் உள்ள தழைச்சத்து, குப்பையில் மிகுந்துள்ள கரிமத்தைச் சமன்செய்யும். சூடேறும் குவியலில் நோய்க்கிருமிகளும் புழு முட்டைகளும் மடியும். இறுதியில் விலைக்கு விற்கத்தக்க உரமும் கிடைக்கும் என்று ஒரு முறை கூறினால் யார்தான் மறுப்பார்?

ஆங்கிலத்தில் அந்த மூலப்பொருளுக்கு 'நைட் சாயில்' என்று பெயர். இரவில் அள்ளப்பட்டதால் இரவு மண். மலம் என்ற சொல்லையும் அள்ளியவரையும் ஒருசேர மறைக்கும் இடக்கரடக்கல் அது. அறிக்கைகளின் அட்டவணைகளில் அதன் தழைச்சத்து விழுக்காடு, மணிச்சத்து விழுக்காடு, ஈரப்பதம் எல்லாம் இருக்கும். அதைத் தலையில் சுமந்து வந்தவர்கள் எந்தச் சாதியினர், எந்தப் பிறப்பின் காரணத்தால் அந்தப் பணியில் கட்டுண்டனர் என்பது அவ்வட்டவணைக்கு வெளியே இருந்தது. இந்தூர் முறையை அப்படியே நகரத்துக்குப் பெயர்த்தால், அந்த மனிதர்களே அரைகுறையாக மட்கிய குவியலை மூன்று முறை மண்வெட்டியால் கிளறியும் ஆக வேண்டும். குவியலைத் திறக்குந்தோறும் ஈக்கள் மொய்க்கும்.

பெங்களூர் முறையின் வரலாற்று இடத்தை இங்கிருந்துதான் விளங்கிக்கொள்ள வேண்டும். அம்முறை பிறந்த இந்திய அறிவியல் கழகத்துக்குக் கழிவாய்வில் ஏற்கெனவே ஒரு மரபு உண்டு. மான்செஸ்டரில் கழிவுநீரைக் காற்றூட்டித் தூய்மையாக்கும் முறை 1914இல் உருவானபோது அதற்குத் தூண்டுகோலாக இருந்த கில்பர்ட் ஃபவுலர், சில ஆண்டுகளில் பெங்களூர் வந்து அக்கழகத்தில் உயிர்வேதியியல் ஆய்வுகளை வழிநடத்தினார்; மட்கு உரத்திலும் சோதனைகள் செய்தார். அந்த மரபில் வந்த சி. என். ஆச்சார்யா 1939இல் பெங்களூர் முறையை வகுத்தார். ஏறத்தாழ மூன்றடி ஆழ அகழியில் குப்பை ஓர் அடுக்கு, மலம் ஓர் அடுக்கு, மீண்டும் குப்பை என்று நிரப்பி, மேலே மண்ணிட்டு மூடிவிடுவது. முதல் எட்டுப் பத்து நாள்கள் உள்ளே அகப்பட்ட காற்றைக் கொண்டு விரைவான சிதைவு நடக்கும், சூடேறும். அதன்பின் காற்றற்ற மெதுவான சிதைவு. ஆறு முதல் எட்டு மாதங்கள் வரை யாரும் அதைத் தொட வேண்டியதில்லை.

இம்முறைக்கு ஆதரவாக முன்வைக்கப்பட்ட காரணங்கள் அனைத்தும் கணக்குவழக்கு சார்ந்தவை. புரட்டும் கூலி மிச்சம். காற்றில் வீணாகும் தழைச்சத்து மிச்சம். ஈ பெருகாது, நாற்றம் குறையும். மனித மாண்பு என்பது அந்த வாதத்தின் பகுதியாக அமையவில்லை. ஆனால் அதன் விளைவு வேறொரு கணக்கிலும் பதிய வேண்டியது. மலக்குவியலை மீண்டும் மீண்டும் திறந்து கிளற வேண்டிய தேவையை இந்திய வேதியியலாளர் ஒருவர் செய்முறையிலிருந்தே அகற்றினார். தேர்வு அட்டவணையில் 'புரட்டத் தேவையில்லை' என்று இரண்டு சொற்களில் முடிந்துபோகும் வரிசை, அகழியருகே நின்றவருக்கு எத்தனை பெரிய விடுதலை என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்த்திருப்பார்களா என்பது ஐயமே. முழு விடுதலை அன்று என்பதையும் உடனே சேர்த்துச் சொல்ல வேண்டும். அகழி வரை கொண்டுவருவது அதே கைகள்தான். வாளி மாறவில்லை.

அடுத்த பத்தாண்டு மட்கு உரத்தின் பொற்காலம் எனலாம். 1943இன் வங்கப் பஞ்சத்தை ஒட்டி உணவு உற்பத்தியைப் பெருக்கும் இயக்கம் தொடங்கியது. நகராட்சிகள் குப்பையையும் மலத்தையும் உரமாக்க ஊக்குவிக்கப்பட்டன. ஆச்சார்யாவே அப்பணியின் முன்னணியில் நின்றார். 1947 டிசம்பரில், பிரிவினையின் குருதி உலராத புதுடெல்லியில், அனைத்திந்திய மட்கு உர மாநாடு நடந்தது. மீராபென்னின் எண்ணத்தில் உதித்த அம்மாநாட்டுக்கு ராஜேந்திர பிரசாத் தலைமை தாங்கினார். காந்தி தம் 'ஹரிஜன்' இதழில் அதை வரவேற்று எழுதினார். நாடே அகதி முகாமாக இருந்த நாள்களில் சிலர் கூடிச் சாணத்தையும் குப்பையையும் பற்றி விவாதித்தனர் என்பது முதற்பார்வைக்கு விந்தையாகத் தோன்றலாம். உணவுப் பங்கீட்டு அட்டையில் உயிர்பிழைத்த நாட்டுக்கு அது விந்தையன்று.

துப்புரவுப் பணி புனிதமானது, ஒவ்வொருவரும் தம் கழிவைத் தாமே அகற்ற வேண்டும் என்பது காந்தியின் நிலைப்பாடு. பிறப்பால் ஒருவர் மீது சுமத்தப்பட்ட பணியைப் புனிதம் என்று போற்றுவது அவரை அதிலேயே நிறுத்திவைக்கும் தந்திரம் என்பது அம்பேத்கரின் மறுப்பு. இவ்விவாதம் நன்கு அறியப்பட்டது. மட்கு உர வரலாற்றை எழுதுவோர் மட்டும் இதைத் தம் பொருளுக்குப் புறம்பானது என்று கருதிவிடுகின்றனர். உண்மையில் இது அதன் நடுவில் நிற்கிறது. ஏனெனில் பெங்களூர் முறை வெற்றிகரமாக நடக்க வேண்டுமானால் நாள்தோறும் தடையின்றி மலம் வந்துசேர வேண்டும். அதாவது எடுப்புக் கக்கூசு தொடர வேண்டும். விடுதலைக்குப் பின் பம்பாய் அரசு 1949இல் அமைத்த பார்வே குழுவும், மத்திய அரசு 1957இல் அமைத்த மல்கானி குழுவும் துப்புரவுத் தொழிலாளரின் நிலையை ஆராய்ந்தன. தலைச்சுமை ஒழிய வேண்டும், தள்ளுவண்டி தர வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைகள் வந்தன. கருவிகள் சிற்சில இடங்களில் மாறின.

முறையின் உள்ளிருந்தே ஒரு மாற்று எழுந்தது 1970இல். பிந்தேஷ்வர் பாடக் பாட்னாவில் தொடங்கிய சுலப் இயக்கம் இரட்டைக்குழிக் கழிப்பறையைப் பரப்பியது. ஒரு குழி பயன்பாட்டில் இருக்கும்போது நிரம்பிய மற்றொன்று மூடிக் கிடக்கும்; கிருமிகள் மடிந்து, நாற்றமற்ற எருவான பின்னரே அதைத் திறப்பார்கள். உயிரியல் நோக்கில் இது ஆச்சார்யாவின் அகழிக்கு நெருங்கிய உறவு: மூடி வை, காத்திரு, தொடாதே. வேறுபாடு ஒன்றே, ஆனால் அது பெரிது. பெங்களூர் முறை மலத்தை மனிதர் சுமந்து அகழிக்குக் கொண்டுவரச் செய்தது. இரட்டைக்குழி அகழியை வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்து, சுமப்பவரைச் செய்முறையிலிருந்து நீக்கியது. எனினும் இரட்டைக்குழி சாதியை ஒழித்தது என்று சொன்னால் அது மிகை. குழியை ஒருநாள் திறக்கத்தான் வேண்டும். அப்போது யாரை அழைக்கிறார்கள் என்பதை வட இந்தியக் கிராமங்களில் களப்பணி செய்த எவரும் அறிவர். கையால் மலம் அள்ளுவோரை வேலைக்கு அமர்த்துவதையும் உலர் கழிப்பிடம் கட்டுவதையும் தடைசெய்யும் சட்டம் 1993இல் வந்தது. அதைவிட விரிவான சட்டம் 2013இல். சட்டப்படி பெங்களூர் முறையின் மூலப்பொருள்களில் ஒன்று இல்லாமற்போயிற்று. பாடநூல்களில் மட்டும் அது இன்றும் அடுக்கடுக்காக 'இடப்படுகிறது'.

மலம் வெளியேறிய இடத்தில் நெகிழி நுழைந்தது. 1970களின் நடுவில் மத்திய அரசின் உதவியுடன் பெங்களூர், பம்பாய், டெல்லி உள்ளிட்ட சில பெருநகரங்களில் எந்திர மட்கு உர ஆலைகள் எழுந்தன. நாளொன்றுக்கு 150 முதல் 300 டன் வரை அரைத்து மட்கச் செய்யும் திறன் பேசப்பட்டது. கருநாடகம் இதற்கெனவே 1975இல் மட்கு உர வளர்ச்சிக் கழகம் ஒன்றை நிறுவியது. அக்கழகம் நிலைத்தது, பிற ஆலைகளில் பெரும்பாலானவை நிலைக்கவில்லை. காரணங்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பிரிக்கப்படாத குப்பையில் மண்ணும் கல்லும் மிகுதி. அரவை எந்திரங்களின் பற்கள் தேய்ந்தன. உரத்தில் கண்ணாடித் துண்டு கிடந்தது. வெறுங்காலுடன் வயலில் இறங்கும் உழவர் அதை ஒருமுறை வாங்கினால் மறுமுறை வாங்கமாட்டார். அதே காலத்தில், 1977 முதல், விலை ஈட்டுத் திட்டத்தின் வாயிலாக ரசாயன உரத்துக்கு மானியம் பெருகியது. ஒரு மூட்டை யூரியாவில் உள்ள தழைச்சத்தை மட்கு உரத்தில் தர வேண்டுமானால் வண்டி வண்டியாக ஏற்ற வேண்டும்; ஏற்றுக்கூலியே விலையை மிஞ்சும். நகர மட்கு உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் ஊக்கத்தொகை என்ற ஏற்பாடு 2016இல்தான் வந்தது.

மட்கு உரத்தைக் குறிக்கும் 'கம்போஸ்ட்' என்ற சொல்லின் இலத்தீன வேர் 'சேர்த்து வைத்தது' என்னும் பொருளது. தமிழில் குப்பை என்பதற்கும் மூலப்பொருள் குவியல்தான். பின்னரே அது கூளத்துக்கும் எருவுக்கும் பெயராயிற்று. இரண்டு மொழிகளும் செயலின் சாரத்தைச் சேர்ப்பதில் கண்டன. எல்லாக் கழிவும் மட்கும் கழிவாக இருந்தவரை அது பொருந்தியது. இருபதாம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் நிலைமை தலைகீழாயிற்று: சேர்ப்பதற்கு முன் பிரிக்க வேண்டும். நுட்பம் முழுதும் பிரித்தலில் அடங்கிவிட்டது. அந்தப் பணியை அதுகாறும் ஊதியமோ பெயரோ இல்லாமல் செய்துவந்தவர்கள் குப்பைத்தொட்டியையும் குப்பைமேட்டையும் நம்பி வாழ்ந்த மனிதர்கள்.

அல்மித்ரா பட்டேல் 1996இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு, அதன் தொடர்ச்சியாக அமைந்த அசிம் பர்மன் குழு, அக்குழுவின் அறிக்கையை ஒட்டி வந்த 2000ஆம் ஆண்டின் நகரத் திடக்கழிவு விதிகள் ஆகியவை 'மூலத்திலேயே தரம்பிரித்தல்' என்ற தொடரை நிர்வாக மொழிக்குள் கொண்டுவந்தன. ஆயினும் வீட்டுக்காரர் பிரிக்க வேண்டும் என்பது பல்லாண்டுகள் வேண்டுகோளாகவே நின்றது. ஆலை கட்டினால் போதும் என்ற நம்பிக்கை நகராட்சிகளை விட்டு அகலவில்லை. அந்த நம்பிக்கையின் விலையை விளப்பில்சாலை கண்டது.

திருவனந்தபுரத்தை அடுத்த சிற்றூர் அது. தலைநகரின் குப்பைக்காக அங்கே 2000ஆம் ஆண்டு மட்கு உர ஆலை தொடங்கப்பட்டது. பிரிக்கப்படாத குப்பை லாரி லாரியாக வந்தது. மட்காத மிச்சம் மலையாகக் குவிந்தது. கசிவுநீர் ஓடையில் கலந்து கரமனையாற்றை நோக்கிப் போயிற்று. ஊரார் பல்லாண்டுகள் முறையிட்டனர். 2011 டிசம்பரில் ஊராட்சியே ஆலையைப் பூட்டியது. மறுஆண்டு காவல் துறையின் துணையுடன் ஆலையைத் திறக்க முயன்றபோது பெண்கள் சாலையை மறித்து நின்றனர். ஆலை பிறகு திறக்கவேயில்லை. சுற்றுச்சூழலுக்கு நன்மை செய்வது என்று பாடநூல் போற்றும் மட்கு உர ஆலையை எதிர்த்து ஓர் ஊரே திரண்டது என்பதை, அறியாமை என்றோ தன்னலம் என்றோ எழுதிச் செல்பவர்கள் இன்றும் உள்ளனர். அந்த ஊரார் எதிர்த்தது மட்கு உரத்தையன்று. நகரம் தன் சமையலறையில் இரண்டு நிமிடத்தில் முடித்திருக்கக்கூடிய வேலையைத் தங்கள் கிணற்றுநீர்மேல் சுமத்தியதைத்தான் எதிர்த்தனர்.

ஆலப்புழையிலும் ஏறத்தாழ இதே கதை. நகரின் குப்பை சென்றடைந்த சர்வோதயபுரத்தில் மக்கள் மறித்தனர். அந்த நெருக்கடியின் நடுவில் 2012இல் தொடங்கியதுதான் 'நிர்மல பவனம், நிர்மல நகரம்' திட்டம். மையத்துக்குக் கொண்டுபோவதை நிறுத்திவிட்டு, வீட்டில் குழாய் மட்கு உரம், சிறு எரிவாயுக் கலன், தெருமுனையில் காற்றுள்ள மட்குத் தொட்டி என்று நகரமே பல நூறு குழிகளாகப் பிரிந்தது. 2017இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு, ஒசாகா போன்ற நகரங்களுடன் ஆலப்புழையையும் முன்மாதிரியாகக் குறிப்பிட்டது.

அந்தத் தெருமுனைத் தொட்டிக்குத் தும்பூர்முழி என்று பெயர். திருச்சூர் மாவட்டத்தின் தும்பூர்முழியில் உள்ள கால்நடைப் பண்ணையில் கால்நடை அறிவியலாளர் பிரான்சிஸ் சேவியர் வடிவமைத்தது. நீளம், அகலம், உயரம் மூன்றும் நான்கு நான்கு அடி. பக்கங்களில் காற்றுப் புகும் இடைவெளிகள். சாணம் ஓர் அடுக்கு, சருகு ஓர் அடுக்கு, உணவுக்கழிவு ஓர் அடுக்கு. புரட்ட வேண்டியதில்லை. தொண்ணூறு நாள்களில் உரம். இந்தூரின் காற்றும் தொண்ணூறு நாள்களும், பெங்களூரின் தொடாமையும் ஒரே பெட்டிக்குள் கூடியிருப்பதைக் காணலாம். பெயர் மட்டும் மீண்டும் ஊர்ப்பெயர்.

உயிரியல் ஏறத்தாழ 1931இலேயே தீர்ந்துவிட்ட வினா என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அதன்பின் வந்த ஒவ்வொரு புதுமையும், சிலபோது தெரிந்தும் பெரும்பாலும் தெரியாமலும், கைகளைப் பற்றிய வினாவுக்கே விடை தேடியது. அதை வெளிப்படையாகக் கேட்டவர்கள் வேதியியலாளர்களோ பொறியாளர்களோ அல்லர். புனேயில் 1993இல் குப்பை பொறுக்குவோர் தமக்கென ஒரு தொழிற்சங்கம் கண்டனர். பெரும்பாலோர் தலித் பெண்கள். அதற்கு 'காகத் காச் பத்ரா கஷ்டகாரி பஞ்சாயத்' என்று பெயரிட்டனர். காகிதம், கண்ணாடி, தகரம், அவற்றோடு உழைப்பாளி. மறுசுழற்சியின் பொருள்களை வரிசைப்படுத்திவிட்டு அடுத்த சொல்லிலேயே எழுவாயை நிறுத்தும் பெயர் அது. அவர்களின் முனைப்பில் உருவான 'ஸ்வச்' கூட்டுறவு 2008இல் புனே மாநகராட்சியுடன் உடன்படிக்கை செய்துகொண்டு வீடுவீடாகக் கழிவு சேகரிக்கலாயிற்று. வீட்டார் சேவைக்கட்டணம் தருகின்றனர். உலர்கழிவை விற்று வரும் பணம் சேகரித்தவருக்கே உரியது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பை பொறுக்குவோரை முதன்முறையாக வரையறுத்து, அமைப்பினுள் சேர்க்க வேண்டும் என்றன.

பெங்களூரில் கருநாடக உயர் நீதிமன்றம் 2015 டிசம்பரில் 'இரண்டு தொட்டி, ஒரு பை' என்ற தரம்பிரிப்பைக் கட்டாயமாக்கியது. ஒரு முறைக்குத் தன் பெயரைத் தந்த நகரம் அது; அங்கே 1975இல் பிறந்த மட்கு உரக் கழகத்தின் ஆலையைச் சூழ இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள். நாற்றம் தாங்காமல் ஆலையை மூடச் சொல்லிக் குடியிருப்போர் பல முறை போராடியுள்ளனர். ஆலை அங்கே வந்தபோது அந்தக் கட்டடங்கள் இல்லை. ஆலைக்குப் போய்ச் சேரும் ஈரக்கழிவில் அவர்கள் வீட்டு நெகிழிப் பை கலந்திருக்கிறதா என்பது தனி வினா.

கேரளத்தில் 2016 டிசம்பரில் தொடங்கிய ஹரித கேரளம் இயக்கத்தின் தொடர்ச்சியாக ஹரித கர்ம சேனை அமைந்தது. குடும்பஸ்ரீ பெண்கள் மாதந்தோறும் வீடு தேடி வந்து நெகிழியையும் பிற உலர்கழிவையும் வாங்கிச் செல்கின்றனர். 'சேனை' என்ற சொல்லில் பெருமை உண்டு. ஊதியம் என்பது பெரும்பாலும் வீட்டார் தரும் கட்டணத்திலிருந்து வருவது. ஊராட்சிப் பகுதியில் மாதம் 50 ரூபாய். அதைத் தர மறுத்துக் கதவடைக்கும் வீடுகள் பற்றிய செய்திகள் மலையாள நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. கழுவாமல் கொடுக்கும் பால் உறைகளையும் உணவுப் பொதிகளையும் சேகரிப்பு மையத்தின் மேசையில் கொட்டி, கையுறை அணிந்த விரல்களால் ஒவ்வொன்றாகப் பிரித்து வைப்பதும் அந்தப் பெண்களே. அந்த மையங்களைப் பற்றிய அரசு அறிக்கைகளில் கழிவு 'தரம்பிரிக்கப்படுகிறது'.